ஊர்க்காட்டுக்குப் பணம்: அரசுத் திட்டமா, கம்பெனி நிதியா, ஊர்ச் சந்தாவா?

ஆடி பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். ஏரிக்கரையை ஒட்டி இரண்டு ஏக்கர் புறம்போக்கு கிடக்கிறது, இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் தயாராக இருக்கிறார்கள், உயர்நிலைப் பள்ளியில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் உண்டு. மரம் வைக்கவும் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தவும் யார் நிதி தருவார்கள்? சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருவண்ணாமலை போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து இப்படிக் கேட்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மலை ஊர்களுக்குக் கணக்கு வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கன்று நட நிதி தருபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நட்ட பிறகு தருபவர்களுக்குத்தான் பஞ்சம். பத்தடிக்குப் பத்தடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 435 கன்று. பாதை, கரை எல்லாம் போக இரண்டு ஏக்கருக்கு 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் நட்டால் மார்கழி வரை மழை பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை, கன்றுக்குப் பத்து லிட்டர் ஊற்றினாலும் ஒரு தடவைக்கு 8,000 லிட்டர். மாசியிலிருந்து ஆனி வரை இருபது வாரம் என்றால் 1,60,000 லிட்டர். உங்கள் ஊரில் டேங்கர் தண்ணீர் என்ன விலையோ அதால் பெருக்கிப் பாருங்கள். இது முதல் கோடைக்கு மட்டும். வேர் கொஞ்சம் இறங்கிவிட்டால் இரண்டாம், மூன்றாம் கோடைகளில் தேவை குறையும், ஆனால் நிற்காது. வேலி தனிச் செலவு. வேலி இல்லாத இடத்தில் ஆடுகளுக்குத்தான் கன்று வாங்கிக் கொடுக்கிறோம்.

ஆகவே எந்த நிதியையும் நான் ஒரே கேள்வியால் உரசிப் பார்ப்பேன்: இரண்டாவது கோடைக்கு இவர்கள் இருப்பார்களா?

நிலத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்துப் புல எண்ணையும் வகைப்பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏரி என்றால் அதன் ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேலா கீழா என்று கேளுங்கள். மேலே இருந்தால் நீர்வளத் துறையிடம் அனுமதி, கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். மேய்க்கால் புறம்போக்கு என்றால் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொண்டாலொழிய கை வைக்காதீர்கள். சட்டம் எப்படி இருந்தாலும் ராத்திரியில் வேலியைப் பிடுங்குவது அவர்களாகத்தான் இருக்கும், அதில் நியாயமும் இருக்கும். கிராம சபைத் தீர்மானமும் துறையின் கடிதமும் கையில் இல்லாமல் எந்த நிதிக்கும் விண்ணப்பம் எழுத உட்கார வேண்டாம்.

அரசு வழி

முதலில் போக வேண்டிய இடம் வனத்துறை நாற்றங்கால். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது அதன் இலக்கு. இதற்காகவே நாற்றங்கால்களில் கன்றுகள் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. இயக்கத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் மனு கொடுக்கலாம். இந்த வழியில் கன்றுக்குப் பணம் செலவழிக்கத் தேவையே இருக்காது. ஆனால் கடைசி நேரத்தில் போனால் மிச்சம் இருப்பதைத்தான் தருவார்கள். நாவல், இலுப்பை, நீர்மருது, உசில், வன்னி என்று பட்டியலோடு ஆடி மாதமே போய்ச் சொல்லி வையுங்கள். பெரிய பையில் வளர்ந்த, இடுப்பளவு கன்றாகக் கேளுங்கள். சின்னப் பையில் சாண் உயரக் கன்று ஆயிரம் தருகிறோம் என்றால், பெரிய கன்று முந்நூறு போதும் என்று சொல்வதே லாபம். ஏரிக்கரைக்குப் பனை விதை எடுங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, தண்ணீரும் கேட்காது.

இரண்டாவது கோடைக்கு இவர்கள் இருப்பார்களா? கன்று தரும் திட்டத்தின் இலக்கு எண்ணிக்கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அடுத்த எண்ணிக்கை வந்துவிடும். தனிப்பட்ட முறையில் அக்கறையுள்ள வனச்சரகர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், திட்டத்தை நம்பி உட்கார முடியாது.

பராமரிப்புக்கு ஆள் வேண்டும் என்றால் நூறு நாள் வேலைதான் இதுவரை பெரிய கை. குழி எடுக்க, தண்ணீர் ஊற்ற, சுற்றி அகழி வெட்ட எல்லாவற்றையும் மதிப்பீட்டிலேயே சேர்க்க முடியும். ஒன்றியப் பொறியாளரிடம் பேசும்போது நடவுக்கு மட்டும் மதிப்பீடு போட விடாதீர்கள், பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். இதன் பலவீனம் சம்பளம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு வர வேண்டிய ₹1,056 கோடியை விடுவிக்கச் சொல்லி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கூலி மாதக்கணக்கில் நின்றால் மாசியில் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள்? இந்த வேலைக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. 125 நாள் வேலை என்கிறது, செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைக்கிறது, விதைப்பும் அறுப்பும் மும்முரமாக இருக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் தருகிறது. நம் ஊரில் விதைப்புக் காலமும் கன்று நடும் காலமும் ஒன்று. அந்த 60 நாளில் ஐப்பசி விழுந்தால் குழியை அதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும் கன்றுக்குப் பணம் தரும் திட்டம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், அதுவும் பொது நிலத்துக்கு இல்லை. வேளாண் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிக்கு வரப்பில் ஏக்கருக்கு 50 கன்று, வயல் முழுக்க நட்டால் 160 கன்று இலவசம். இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிழைத்திருக்கும் கன்று ஒன்றுக்கு ₹7. தொகை சின்னதுதான், ஆனால் எண்ணும் இடம் சரியான இடம். உழவன் செயலியில் பதியலாம். புறம்போக்குக்கு அனுமதி இழுத்தடித்தால், குழுவில் உள்ள நாலைந்து விவசாயிகளின் வரப்பில் இதைத் தொடங்கிவிடுங்கள். கிணறு இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறார், கோடைச் செலவே பாதியாகிவிடும்.

பழைய அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் இங்கே வந்தது. கண்மாய்களுக்குள் நிற்கும் கருவேலங்காடுகள் பல அந்தத் திட்டத்தின் வழி வந்தவைதான். 1997க்குப் பிறகு ஜப்பான் கடனில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது, கிராம வனக் குழுக்கள் அமைத்தார்கள். பணம் ஓடிய வரைக்கும் கூட்டம் நடந்தது. திட்டம் முடிந்ததும் நிறைய ஊர்களில் குழு பெயர்ப்பலகையில் மட்டும் மிஞ்சியது. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் புதிதாக ஒன்று தொடங்குவதைவிட அதை எழுப்புவது சுலபம். வனத்துறையின் பதிவேட்டில் ஏற்கனவே பெயர் இருக்கும்.

கம்பெனி நிதி

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி நிகர மதிப்பு ₹500 கோடி, அல்லது விற்றுமுதல் ₹1,000 கோடி, அல்லது நிகர லாபம் ₹5 கோடி உள்ள நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். ஏழாவது அட்டவணையில் சுற்றுச்சூழலும் கல்வியும் இருக்கின்றன. தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். அதனால் சென்னைத் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிடப் பக்கத்து சிமென்ட் ஆலை, சர்க்கரை ஆலை, நூற்பாலை, சிப்காட் தொழிற்சாலை ஆகியவற்றின் கதவைத் தட்டுவது மேல்.

புதுக் குழுவுக்கு இந்தக் கதவு நேரடியாகத் திறக்காது. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனிச் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவு, இதே போன்ற வேலையில் மூன்று ஆண்டு அனுபவம் என்று எல்லாம் கேட்பார்கள். இதற்காக அவசரமாக அறக்கட்டளை தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். ஆண்டுதோறும் தணிக்கை, வருமான வரிக் கணக்கு என்று அது தனிப் பிழைப்பு. மாவட்டத்தில் ஏற்கனவே இந்தத் தகுதிகளோடு இயங்கும் நல்ல அமைப்பு ஒன்றின் வழியாகப் போவதே சரி. எவ்வளவு கழிப்பார்கள், வரவு செலவைக் காட்டுவார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பணத்தின் நிஜமான சிக்கல் நாட்காட்டி. அவர்களுடைய ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. தையில் திடீரென்று ஃபோன் வரும், இந்த நிதியாண்டுக்குள் நட்டுவிடலாமா என்று. மார்ச்சில் இராமநாதபுரத்தில் கன்று நட்டால் அது எப்படிப் போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும், குளிரூட்டிய அறையில் இருப்பவருக்குத் தெரியாது. மறுக்கத் தயங்க வேண்டாம், மறுக்கும்போது வழியும் சொல்லுங்கள். சட்டத்திலேயே 'தொடர் திட்டம்' என்று ஒரு வகை இருக்கிறது. தொடங்கும் நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை அது ஓடலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்தால் போதும். நடவு ஆண்டு, பிறகு மூன்று கோடைகள்: காட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது இந்த விதி. கம்பெனியின் கணக்காளருக்கு இது தெரியும், நிதிப் பொறுப்பாளருக்குத் தெரிந்தாலும் நீங்கள் கேட்காமல் அவராகச் சொல்ல மாட்டார். தொடர் திட்டமாக எடுக்க ஒத்துக்கொண்டால் கம்பெனி நிதிதான் இந்த ஒப்பீட்டில் முதலிடம். ஒரே ஆண்டுப் பணம் என்றால் அதில் வேலியும் போர்வெல்லும் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவை மார்ச்சில் போட்டாலும் கெட்டுப்போகாது.

மியாவாக்கி பற்றிக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்ற அளவில் நெருக்கி நடுகிறார்கள். இரண்டே ஆண்டில் பச்சைச் சுவராகத் தெரியும், ஆண்டறிக்கையில் படம் போட வசதி. உங்கள் இரண்டு ஏக்கரில் அப்படி நட்டால் 24,000 கன்று ஆகிறது. மேலே போட்ட தண்ணீர்க் கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். நகரத்துக்குள் பத்து சென்ட் இடத்துக்கு அது இருக்கட்டும்.

மானியங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992இலிருந்து நடக்கிறது, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்துவது. உள்ளூர் அமைப்புகளுக்குப் பெரும்பாலும் 50,000 டாலருக்குள் தருகிறார்கள். உங்கள் பங்காகப் பணமோ உழைப்போ காட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முன்னுரிமைப் பகுதிகள் மாறும் என்பதால் விண்ணப்பம் எழுதுமுன் உங்கள் மாவட்டம் அதில் வருகிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஆளும், தணிக்கை செய்த கணக்கும் இருக்கும் அமைப்புக்கு இது நல்ல பணம். இரண்டு ஏக்கர் குழுவுக்குத் தாங்காத சுமை.

மற்ற வெளிநாட்டு அறக்கட்டளைகளை மறந்துவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் ₹15 லட்சம் செலவழித்துக் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற பெரிய அமைப்பும் அந்தப் பணத்தை உங்களுக்குப் பிரித்துத் தர முடியாது. மரம் உறிஞ்சும் கரியமில வாயுவுக்குப் பணம் தருகிறோம், கார்பன் கிரெடிட் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். சரிபார்ப்புச் செலவே உங்கள் காட்டின் வருமானத்தைத் தின்றுவிடும்.

ஊர்ச் சந்தா

நூறு பேர், மாதம் நூறு ரூபாய். மாதம் ₹10,000, ஆண்டுக்கு ₹1,20,000. இது எந்த நிதியாண்டையும் பார்க்காது, மாசியிலும் வரும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஆள் இருக்கும் ஊர்களுக்கு நூறு பேர் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. ஒரு சட்ட நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் சரி, அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கினால் சிக்கல் சந்தா கேட்டவருக்கு. அப்படிக் குடியுரிமை வாங்கிவிட்ட சிங்கப்பூர் அண்ணனை லீவில் ஊருக்கு வரும்போது குழியெடுக்க வரச் சொல்லுங்கள், பணம் வேண்டாம்.

இப்படிச் சேரும் பணத்தை மூன்று மடங்காக்கவும் வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் ஊரகப் பகுதியில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ₹1 லட்சம் கட்டினால் ₹3 லட்சத்துக்கு வேலை. நீர்நிலைச் சீரமைப்பு, பள்ளிக்கான கட்டுமானம் போன்ற சொத்து உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும், தண்ணீர் ஊற்றும் கூலிக்குப் பொருந்தாது. எனவே சுற்றுச்சுவரை இதில் கேளுங்கள், மாதச் சந்தாவைக் கோடைக்கு ஒதுக்குங்கள். இடத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தால் அதுவே முதல் வருமானம். முறைப்படி ஏலம் விடச் செய்து, அந்தத் தொகையை இதே இடத்துக்குச் செலவிட வேண்டும் என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். எழுதாவிட்டால் அது பொதுக் கணக்கில் கரைந்துவிடும்.

திருப்பூரில் 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இந்தச் சிந்தனையைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. நடும் செலவு பனியன் தொழில் ஊரின் நன்கொடையாளர்களுடையது, தண்ணீரும் காவலும் நிலத்துக்காரருடையது. கன்று கேட்டு வருபவரிடம் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருகிறார்கள். பணம் குறைவாகவும் கை அதிகமாகவும் இருக்கும் மாதிரி சென்னைக் கோட்டூர்புரம் மரப் பூங்கா. அடையாற்றுக்கு அருகே குப்பை கொட்டும் இடமாகக் கிடந்ததை 'நிழல்' அமைப்பும் தன்னார்வலர்களும் வாராவாரம் வந்து வேலை செய்து காடாக்கினார்கள். நகரத்தில் இருந்துகொண்டு நிலமும் இல்லை, பணமும் இல்லை, ஏதாவது செய்ய வேண்டும் என்பவர்கள் இப்படி ஓர் இடத்தில் போய்ச் சேர்வதுதான் நல்லது.

ஊர்ச் சந்தாவில் ஓர் ஆபத்து உண்டு, அதைப் பேசாமல் விடக் கூடாது. ஊர்ப் பணம் என்றால் எந்தத் தெருவின் பணம்? திருவிழாக் கமிட்டியில் இருக்கும் அதே ஐந்து பேர் காட்டுக் கமிட்டியிலும் உட்கார்ந்தால், காலனிக்காரரின் ஆடுதான் முதலில் விரட்டப்படும். நிலமில்லாதவர்கள் விறகுக்கும் தழைக்கும் நம்பியிருந்த புறம்போக்கு அது. சந்தா கொடுக்க முடியாதவருக்கும் கமிட்டியில் இடம் வேண்டும். காவலர், தண்ணீர் ஊற்றுபவர் என்று கூலி வேலை வந்தால் முதலில் ஆட்டுக்காரர் வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு ஓரத்தில் அகத்தியும் சுபாபுலும் வைத்து வெட்டிக்கொள்ள விடுங்கள். வேலிக் கம்பியைவிட இது நன்றாகக் காக்கும்.

பள்ளி: இங்கே பணம் பெரிய பிரச்சினை இல்லை

மரத்துக்கும் கல்விக்கும் ஒரே விண்ணப்பம் எழுதுபவர்கள் அதிகம். பிரித்துவிடுங்கள். காட்டுக்குத் தண்ணீர் எப்படியோ பள்ளிக்கு ஆசிரியரின் நேரம் அப்படி, அதை எந்த நிதியும் வாங்கித் தராது.

பள்ளிகளில் சூழல் மன்றம் நடத்தும் தேசிய பசுமைப் படை 2001இலிருந்து இருக்கிறது. ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ₹5,000 என்ற அளவில் தொகை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிகளிலும் சூழல் மன்றத்துக்குத் தொகை உண்டு: தொடக்கப் பள்ளிக்கு ₹5,000, நடுநிலைக்கு ₹15,000, உயர்நிலை, மேல்நிலைக்கு ₹25,000. ஆனால் 2024-25இல் அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ₹2,152 கோடியையே ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர்கள் உதவ விரும்பினால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக, பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டுத் தரலாம்.

பணமே இல்லாமல் சேரக் கூடியவை இவற்றைவிட எனக்குப் பிடித்தவை. அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் பசுமைப் பள்ளித் திட்டத்தில் மாணவர்களே தங்கள் பள்ளியின் காற்று, மின்சாரம், உணவு, நிலம், நீர், குப்பை ஆறையும் தணிக்கை செய்கிறார்கள். விப்ரோவின் எர்தியன் திட்டத்தில் ஒரு சின்னக் குழு தண்ணீர் அல்லது உயிரினங்கள் பற்றி உள்ளூர் ஆய்வு செய்து அனுப்பலாம், நன்றாக வந்தால் பரிசும் உண்டு. மரங்களின் பருவ மாற்றத்தைப் பதியும் சீசன்வாட்ச் திட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் இலை, பூ, காய் பார்த்துப் பதிய வேண்டும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு 2015இலிருந்து தொடர்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் பறவைக் கணக்கெடுப்பை எடுப்பேன். கண்மாயில் தண்ணீர் இருக்கும் காலம், பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர் மாறிப் போனாலும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்து நடத்திவிடலாம்.

ஊர்க்காட்டையும் பள்ளியையும் இணைக்க விரும்பினால் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் தள்ளாதீர்கள். எண்ணும் வேலையைக் கொடுங்கள். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, எந்த மரம் எவ்வளவு உயரம், எது ஏன் செத்தது என்று நோட்டில் எழுதட்டும். அடுத்த ஆண்டு கம்பெனிக்காரரிடம் பேசும்போது அந்த நோட்டைவிட வலுவான காகிதம் உங்களிடம் இருக்காது.

பணம் தராத, ஆனால் உரிமை தரும் வழிகள்

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல ஊராட்சிகளில் இரண்டுமே பெயரளவுக்குத்தான். ஆனால் மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் போராட்டம்தான் முதன்மைக் காரணம், சந்தேகமில்லை. கையில் ஓர் அரசாணை இருந்ததும் பலமாக இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான கோயில்காடு 2025இல் இதே தகுதியைப் பெற்றது. உங்கள் ஊரில் அய்யனார் கோயில்காடு ஒன்று இன்னும் மிஞ்சியிருந்தால், புதுக்காடு நடுவதற்கு முன் அதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நூறு வருடக் காட்டை எந்த நிதியாலும் நட்டு உருவாக்க முடியாது.

மலை ஊர்களுக்கு, குறிப்பாகப் பழங்குடி ஊர்களுக்கு, இந்தக் கட்டுரையின் வரிசையே தலைகீழ். அங்கே முதல் வேலை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் சமூகக் காட்டு வள உரிமைக்கு, அதாவது ஊர் தன் காட்டைத் தானே காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு, விண்ணப்பிப்பது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா கிராமம் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு அந்த உரிமையைப் பெற்றது, 2011இலிருந்து தன் மூங்கிலைத் தானே விற்கிறது. அங்கே காடே நிதி. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட தடை 2016 வரை பட்டா வழங்கலை முடக்கி வைத்திருந்தது, இன்றும் சமூக உரிமைகள் மெதுவாகத்தான் நகர்கின்றன. உரிமை கையில் வரும் முன் அங்கே வெளிப்பணத்தில் நடவு தொடங்கினால், நாளை அந்த இடம் யாருடையது என்ற சண்டையில் போய் முடியும்.

சமவெளிக் குழுவுக்கு என் கூட்டல் இதுதான்: கன்று வனத்துறையில், குழியும் அகழியும் வேலைத் திட்டத்தில், சுவர் நமக்கு நாமேயில், கோடைத் தண்ணீர் சந்தாவில். கம்பெனி நான்கு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டால் சந்தாவைப் பாதியாகக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். நூறு பேர் சந்தாவுக்குச் சேரவில்லை என்றால் இரண்டு ஏக்கரை அரை ஏக்கராக்குங்கள், 200 கன்று போதும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானத்தை ஆகஸ்ட் 15க்குள் போட்டுவிடுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் துறைக் கடிதம் வருவதற்குள் மழை முடிந்திருக்கும், பிறகு அந்த ஆண்டு நடவே வேண்டாம், அடுத்த ஆடிக்குச் சந்தா சேர்க்க ஆரம்பிக்கலாம்.